காணாமற் போன ஒரு மணி நேரம்!

1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி. திங்கட்கிழமை இரவு.

ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் மக்கள் வழக்கம்போல் சாப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது, ஒரு மணி நேரத்தைக் காணோம்!

பூட்டு உடையவில்லை. பெட்டி திறந்து கிடக்கவில்லை. நகையும் பணமும் வைத்த இடத்தில் பத்திரமாக இருந்தன. ஒரு மணி நேரம் மட்டும் போய்விட்டது. இரவு 12 மணி ஆன கையோடு மணி 1 ஆகிவிட்டது. நடுவில் இருந்த 60 நிமிஷமும் மாயம்!

எடுத்தது யார்? அன்றைய வெள்ளைக்கார சர்க்கார்தான்.

நீலகிரியில் மட்டும் நடந்த காரியம் அல்ல இது. இந்தியா முழுவதற்கும் ஒரே உத்தரவு. செப்டம்பர் 1-ந் தேதி முதல் எல்லோரும் தங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும்!

அப்படி எடுத்த ஒரு மணி நேரத்தை சர்க்கார் மூன்று வருஷம் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தது.

ஏன் எடுத்தார்கள்? அதனால் யாருக்கு லாபம்? யாருக்குக் கஷ்டம்? கேளுங்கள், அந்தக் கதையை.

யுத்தமும் விளக்கும்

அப்போது இரண்டாவது உலக யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஜப்பான் படைகள் பர்மாவுக்குள் புகுந்தன. 1942 மார்ச் மாதம் ரங்கூன் நகரம் அவர்கள் கைக்குப் போயிற்று.

ரங்கூன் விழுந்தால் ஊட்டிக்கு என்ன?

விளக்குக்கு எண்ணெய் இல்லை! நம் நாட்டு வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெயில் ஒரு பெரும் பங்கு பர்மாவில் இருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. அரிசியும் அங்கிருந்து வந்தது. இரண்டும் நின்றுபோயின.

மின்சாரத்துக்கும் கிராக்கி. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ம் வருஷம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்த மின்சாரம் மலையை விட்டு இறங்கி, கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளை ஓட்டியது. குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வேண்டிய கார்டைட் மருந்து அங்கே தயாராயிற்று.

யுத்த காலத்தில் ஆலையும் தொழிற்சாலையும் நிற்கக் கூடாது. அப்படியானால் வீட்டு விளக்குக்கு ஆகும் செலவைக் குறைக்க வேண்டும். அதற்கு சர்க்கார் கண்ட வழிதான், கடிகாரத்தைத் தள்ளி வைப்பது.

முள்ளைத் தள்ளினால் எண்ணெய் மிச்சமா?

"கடிகார முள்ளுக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே மாலை 6½ மணிக்கு விளக்கு ஏற்றுகிறார்கள். இரவு 10 மணிக்கு அணைத்துவிட்டுப் படுக்கிறார்கள். விளக்கு எரிவது 3½ மணி நேரம்.

இப்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். சூரியனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அது வழக்கமான வேளையில்தான் மறையும். ஆனால் அப்போது கடிகாரம் 7½ என்று காட்டும். வீட்டில் உள்ளவர்களோ அதே 10 மணிக்குப் படுத்துவிடுவார்கள். விளக்கு எரிவது 2½ மணி நேரம்தான். ஒரு மணி நேர எண்ணெய் மிச்சம்!

ஒரு வீட்டுக்கு இது சில சொட்டு. கோடி வீடுகளுக்குக் கணக்குப் போட்டால்?

இந்த யோசனை யுத்தத்துக்கு முன்பே பிறந்தது. நியூசிலாந்தில் ஜார்ஜ் ஹட்சன் என்று ஒருவர் இருந்தார். பூச்சிகளைப் பிடித்து ஆராய்வதில் அவருக்கு ஆசை. வேலை முடிந்து வந்தபின் பூச்சி பிடிக்க மாலை வெளிச்சம் போதவில்லை. "கோடைக் காலத்தில் கடிகாரத்தை முன்னால் தள்ளினால் என்ன?" என்று 1895-ம் வருஷத்திலேயே கேட்டார்.

இங்கிலாந்தில் வில்லியம் வில்லெட் என்பவர் வீடுகள் கட்டி விற்கும் தொழில் செய்தார். கோடையில் அதிகாலையில் குதிரை மேல் ஏறிப் போவார். சுள்ளென்று வெயில் அடிக்கும். ஆனால் வீடுகளில் ஜன்னல் திரை விலகியிருக்காது. ஊர் தூங்கும். "இவ்வளவு வெளிச்சமும் வீணாகிறதே!" என்று அவர் வருந்தினார். 1907-ம் வருஷம் இதைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டார். பலர் கேலி செய்தார்கள். 1915-ம் வருஷம் வில்லெட் இறந்துபோனார்.

அவர் இறந்த மறு வருஷமே அவருடைய யோசனை பலித்தது! முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1916 ஏப்ரல் 30-ந் தேதி ஜெர்மனி தன் கடிகாரங்களைத் தள்ளி வைத்தது. மூன்று வாரத்தில், மே 21-ந் தேதி, இங்கிலாந்தும் தள்ளி வைத்தது. யுத்த களத்தில் எதிரிகள். கடிகார விஷயத்தில் கூட்டாளிகள்!

லண்டன் வேறு, ஊட்டி வேறு

லண்டனில் ஜூன் மாதம் பகல் 16½ மணி நேரம் நீளும். டிசம்பரில் 8 மணி நேரம்கூட இராது. கோடையில் அங்கே, கடிகாரத்தைத் தள்ளாவிட்டால், 4 மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். காலையில் அவ்வளவு வெளிச்சம் மீதி இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை எடுத்து மாலையில் சேர்த்தால் நஷ்டம் இல்லை.

நீலகிரி பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊட்டியில் வருஷத்தின் மிக நீண்ட பகல் ஏறக்குறைய 12¾ மணி. மிகக் குறுகிய பகல் ஏறக்குறைய 11½ மணி. வித்தியாசம் ஒன்றேகால் மணி அளவுதான். காலையில் வீணாகும் வெளிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இருப்பதை எடுத்தால் இருட்டுத்தான் மிஞ்சும்!

இன்னொரு விஷயமும் உண்டு. யுத்தம் வருவதற்கு முன்பே ஊட்டிக் கடிகாரம் சூரியனை முந்திக்கொண்டுதான் ஓடியது.

அது எப்படி?

பூமி ஒரு தடவை சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. ஒரு பாகை திரும்ப 4 நிமிஷம். இந்திய நேரம் என்பது கிழக்கு 82½ பாகைக் கோட்டை வைத்துக் கணக்கிடுவது. அந்தக் கோடு வடக்கே அலகாபாத்துக்குப் பக்கத்தில் மிர்சாப்பூர் வழியாகப் போகிறது. அங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரம்தான் இந்தியா முழுவதற்கும் பகல் 12 மணி.

ஊட்டி அந்தக் கோட்டுக்கு மேற்கே ஏறக்குறைய 6 பாகை தள்ளி இருக்கிறது. ஆகவே சூரியன் அங்கே வந்து சேர இன்னும் 23 நிமிஷம் ஆகும். அதாவது ஊட்டியில் உச்சிப்பொழுது, சராசரியாக 12 மணி 23 நிமிஷத்துக்குத்தான்.

நம் பாட்டனார் காலத்தில் நாழிகைக் கணக்கு இருந்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். ஊட்டிச் சூரியன் இந்திய நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு நாழிகை தாமதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன்மேல் யுத்த காலத்தில் இன்னும் ஒரு மணி நேரம் ஏறியது. ஊட்டியில் சூரியன் தலைக்கு மேல் வந்தபோது கடிகாரம் 1 மணி 23 நிமிஷம் காட்டியது. ஜனவரி மாதம் மலையில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6¾ மணிக்கு. யுத்த காலத்துக் கடிகாரப்படி அது 7¾ மணி!

லயன் வீட்டில் ஒரு காலை

இந்தக் கணக்கு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு என்ன அர்த்தம்? ஒரு லயன் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் கடிகாரம் இல்லை. தோட்டத்து மணிதான் கடிகாரம். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை ஆள் வந்து தட்டினால், ஊர் எழுந்திருக்க வேண்டும். மணி எத்தனை என்று முடிவு செய்வது துரையின் கடிகாரம்.

அந்தப் பெண் 7 மணிக்குப் பேர் போடும் இடத்தில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் 7 மணிக்கு வெயில் தலை காட்டியிருக்கும். புது 7 மணி என்பது பழைய 6 மணி. ஜனவரியில் அது இன்னும் இருட்டு. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் வேளை.

7 மணிக்கு அங்கே நிற்க, அவள் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? அடுப்பு மூட்ட வேண்டும். கஞ்சி காய்ச்ச வேண்டும். குழந்தைக்குக் கொடுத்து, அதை மாமியாரிடம் விட்டுவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஆகும். பழைய கணக்கில் விடிகாலை 4 மணிக்கே எழ வேண்டும்!

பாதை நெடுக இருட்டு. தேயிலைச் செடிக்கு நடுவில் காட்டெருமை படுத்திருந்தாலும் தெரியாது. கையில் விளக்கு வேண்டும். விளக்குக்கு எண்ணெய் வேண்டும். மாலையில் மிச்சம் பிடித்த எண்ணெய் காலையில் செலவாயிற்று!

"பொழுது விடியலியே, அதுக்குள்ள எப்படி ஏழு மணியாச்சு?" என்று ஒரு பாட்டி கேட்டிருந்தால் அதில் தப்பு உண்டா?

லாபமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாலையில் வேலை விடும்போது வெளிச்சம் இன்னும் பாக்கி இருக்கும். விறகு பொறுக்கலாம். தண்ணீர் எடுக்கலாம். இருட்டுவதற்குள் சமையலை முடிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் தாமதமாக எழுந்திருக்க வசதி உள்ளவருக்கு இந்த மாறுதலில் லாபம் மட்டுமே. முதலில் எழுந்து அடுப்பு மூட்டுகிறவருக்குத்தான் கஷ்டம் முழுவதும்.

சுவர்க் கடிகாரத்துக்கு வந்த சோதனை

ஊட்டி, குன்னூர்க் கடைத்தெருக்களிலும் பங்களாக்களிலும் சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. அவற்றின் நேரத்தை மாற்றுவது லேசான வேலை அல்ல.

மணி அடிக்கும் கடிகாரமாக இருந்தால் பெரிய முள்ளை மெதுவாக முன்னால் தள்ள வேண்டும். அரை மணியிலும் முழு மணியிலும் நிறுத்தி, அது அடித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் முள் ஒன்று காட்டும். மணி வேறொன்று அடிக்கும்!

பஞ்சாங்கம் பார்ப்பவர்களுக்கும் புதிய வேலை வந்தது. ராகு காலமும் நல்ல நேரமும் சூரியனை ஒட்டியவை. சர்க்கார் உத்தரவுக்கு அவை நகருமா? புது நேரம் தொடங்கிய செப்டம்பர் 1-ந் தேதி செவ்வாய்க்கிழமை. வழக்கமாக அன்று ராகு காலம் 3 மணி முதல் 4½ மணி வரை. புதுக் கடிகாரத்தில் அதை 4 மணி முதல் 5½ மணி வரை என்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் இந்தக் கூட்டல் கணக்கு உண்டு.

ஆனால் தமிழ்நாட்டில் கடிகாரத்தைத் தள்ளி வைத்தது அதுவே முதல் தடவை அல்ல. 1906-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதியும் தள்ளி வைத்தார்கள்.

அதற்கு முன் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நேரம் இருந்தது. கல்கத்தாவுக்கு ஒன்று. பம்பாய்க்கு ஒன்று. சென்னைக்கு ஒன்று. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ம் வருஷம் கட்டிய வான ஆராய்ச்சிக் கூடத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து நேரம் கணித்தார்கள். ரயில் வந்தபின், இந்திய ரயில்கள் சென்னை நேரத்தை வைத்தே ஓடின.

1906-ல் எல்லா ஊருக்கும் ஒரே நேரம் என்று ஆயிற்று. அன்று சென்னை நேரத்தைவிடப் புது நேரம் 9 நிமிஷம் அதிகம். அப்போது நீலகிரி மலை ரயில் குன்னூர் வரைதான் வந்தது. 1908-ம் வருஷம் அது ஊட்டியை எட்டியபோது, புது நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் மலை ஏறியது.

கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாயில் பலர் 1955 வரை பழைய நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சென்னைக்கு 9 நிமிஷம்தானே! பெரிய சண்டை இல்லாமல் மாறிக்கொண்டது.

நின்ற கடிகாரம்

1945-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஜப்பான் சரணடைந்தது. யுத்தம் ஓய்ந்தது. அக்டோபர் 15-ந் தேதி, திங்கட்கிழமை, சர்க்கார் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இப்போது கடிகாரத்தைப் பின்னால் தள்ள வேண்டும். ஆனால் மணி அடிக்கும் பழைய கடிகாரத்தின் முள்ளைப் பின்னோக்கித் திருப்பக் கூடாது. திருப்பினால் உள்ளே இருக்கும் சக்கரம் கெட்டுப்போகலாம்.

பின் என்ன செய்வது?

வழி சுலபம். பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஆட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்! அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் 'டிக் டிக்' சத்தம் இராது. மூன்று வருஷம் முந்தி ஓடிய கடிகாரம், நின்று, உலகம் வந்து சேரும் வரை காத்திருக்கும்.

அஸ்ஸாமில் தோட்டத்து நேரம்

நீலகிரியில் மூன்று வருஷம் நடந்தது, அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது!

அஸ்ஸாம் நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. திப்ருகர் பக்கத்தில் ஜூன் மாதம் 4¼ மணிக்கே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் மாலை 4½ மணிக்குள் மறைந்துவிடும். அதனால் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்துக்கு மட்டும் தனி நேரம் வகுத்தார்கள். 'பாகான் நேரம்' என்று பெயர். பாகான் என்றால் தோட்டம். தோட்டத்தில் 9 மணி என்றால், வெளியே கடைத்தெருவில் 8 மணி.

அங்கே அது சூரியனோடு ஒத்துப்போகிறது. விடிந்தபின் வேலை தொடங்குகிறது, இருட்டுவதற்குள் முடிகிறது. அஸ்ஸாம் முழுவதற்கும் இந்த நேரத்தைக் கொண்டுவர வேண்டும் என்று 2014-ம் வருஷம் அப்போதைய முதல் மந்திரி தருண் கோகாய் சொன்னார். வடகிழக்குக்குத் தனி நேரம் கேட்டுத் தொடுத்த வழக்கை 2017-ல் கௌகாத்தி ஐகோர்ட்டு தள்ளிவிட்டது. மறு வருஷம், டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக் கூடத்தின் விஞ்ஞானிகள், நாட்டுக்கு இரண்டு நேரம் வைக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். ஆனால் நாடு ஒரே நேரத்தில்தான் ஓடுகிறது.

ஒரே வேலை, இரண்டு கடிகாரம். இதில் ஆபத்து ஒன்று உண்டு. வேலை தொடங்க ஒரு கடிகாரமும், வேலை முடிக்க இன்னொரு கடிகாரமும் பார்த்தால் தொழிலாளியின் கதி என்ன?

சுதந்திர இந்தியா இதை யோசித்தது. 1951-ம் வருஷம் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. பெண்களைக் காலை 6 மணிக்கு முன்னும், மாலை 7 மணிக்குப் பின்னும், அரசாங்க அனுமதி இல்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது.

"எந்த 6 மணி? துரையின் கடிகாரத்து 6 மணியா?" என்று யாராவது கேட்டால்?

அதற்கும் சட்டத்தில் பதில் இருந்தது. மணி என்றால் இந்திய நேரம்தான் என்று அது எழுதி வைத்தது. வேறு நேரம் வழக்கத்தில் உள்ள பகுதியானால், எந்தப் பகுதி, என்ன நேரம் என்று மாநில அரசாங்கம் விதி போட்டுச் சொல்ல வேண்டும் என்றது. ஒரு தோட்டத்து முதலாளி தன் இஷ்டப்படி முள்ளைத் திருப்ப முடியாது என்று ஆயிற்று.

ஒரே குடும்பம், அரை மணி வித்தியாசம்

நீலகிரியில் பல குடும்பங்களுக்கு இன்னொரு கடிகாரக் கதையும் உண்டு.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் தமிழர்கள். 1964-ம் வருஷம் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்க வேண்டும். 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தர வேண்டும்.

அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. கப்பல் ஏறி வந்தவர்களில் பலருக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கங்களில் தமிழ்நாடு அரசாங்கம் அவர்களுக்காகவே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. அதுதான் 'டான்டீ'.

இரண்டு மலையிலும் ஒரே தொழில். ஒரே கொழுந்து. ஒரே நேரமும்தான். இந்தியாவில் 7 மணி என்றால் இலங்கையிலும் 7 மணி.

1996-ம் வருஷம் இலங்கையில் மழை பொய்த்தது. அணைகளில் தண்ணீர் இல்லை. மின்சாரம் படுத்துவிட்டது. பழைய வைத்தியத்தை அந்த நாட்டு அரசாங்கம் கையில் எடுத்தது. மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது. அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. பாக்கி அரை மணியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது, பத்து வருஷம்!

நாட்டுக்குள்ளேயே 'பழைய நேரம்', 'புதிய நேரம்' என்று இரண்டு ஆயிற்று. வடக்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் புதிய நேரத்தை ஏற்கவில்லை. "எத்தனை மணிக்குக் கல்யாணம்?" என்று கேட்டால் போதாது. "பழைய நேரமா, புதிய நேரமா?" என்றும் கேட்க வேண்டும்.

கோத்தகிரியில் உள்ள அண்ணன், ஹட்டனில் உள்ள தம்பிக்கு இரவு 9 மணிக்குப் போன் செய்தால், அங்கே 9½. காலையில் வேலைக்குப் போகிற வீடு தூங்கியிருக்கும். கடல் பிரித்த குடும்பத்தைக் கடிகாரமும் அரை மணி பிரித்து வைத்தது.

2006-ம் வருஷம், சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், ஏப்ரல் 15-ந் தேதி இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பியது. நீலகிரி மலையிலும் நுவரெலியா மலையிலும் மறுபடியும் ஒரே மணி அடித்தது.

ஞாயிற்றுக்கிழமைப் போன்

இன்று இந்தியாவில் யாரும் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதில்லை. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வருஷத்துக்கு இரண்டு தடவை தள்ளி வைக்கிறார்கள். "இது போதும், நிறுத்திவிடலாம்" என்று ஐரோப்பியப் பாராளுமன்றம் 2019-ம் வருஷம் ஓட்டுப் போட்டது. நாடுகள் ஒத்துப்போகாததால் இன்னும் நின்றபாடில்லை.

அது நமக்கு எதற்கு என்கிறீர்களா? குன்னூரில் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் லண்டனில் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும், அவன் ஊர் மணி 2-க்குப் போன் செய்வான். குளிர்காலத்தில் அது இங்கே இரவு 7½ மணி. மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரம் முன்னால் போகும். அன்று முதல் அதே போன் இங்கே 6½ மணிக்கு வரும்.

அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைதான் சோதனை. 6½ மணிக்குப் போன் வராது. 7 மணிக்கும் வராது. தாய் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். "பிள்ளைக்கு உடம்புக்கு என்னவோ!" என்று மனம் அடித்துக்கொள்ளும்.

பயப்பட வேண்டாம். 7½ மணிக்குப் போன் வரும். மகன் மறக்கவில்லை. அவன் ஊர்க் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கிறது. மகனின் கைப்போன் அதைத் தானாகவே மாற்றிக்கொண்டது. அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை!

1942-ல் லயன் வீட்டுப் பாட்டிக்கும் இதே குறைதான் இருந்திருக்கும். கடிகாரத்தைத் தள்ளி வைப்பவர்கள் தள்ளட்டும். ஆனால் இருட்டில் எழுந்திருக்கிறவரிடமும், வாசலில் காத்திருக்கிறவரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில், காலண்டரில் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் இன்றே வட்டம் போட்டு வையுங்கள்.